வாடகை வீடு கைமாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை விற்பது பற்றியும், வருமான வரிச் சட்டத்தின் 1031-ஆம் பிரிவின்கீழ் அதை வேறொரு சொத்தாக மாற்றிக்கொண்டு வரியைத் தள்ளிவைப்பது பற்றியும் வந்திருக்கும் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: 2012-இல் 2,20,000 டாலருக்கு வாங்கிய வாடகை வீட்டை 4,30,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வீட்டுக்கடன் பாக்கி 1,20,000 டாலர். கிளோசிங்குக்கு (பத்திரமும் பணமும் கைமாறும் நாளுக்கு) மூன்று வாரம் இருக்கிறது. விற்ற பணத்தை வங்கியில் போட்டுவைத்து, ஆறு மாதத்துக்குள் வேறு வீடு வாங்கிவிட்டால் வரியே இல்லை என்கிறார் நண்பர். உண்மையா? வரி கட்ட வேண்டி வந்தால் எவ்வளவு ஆகும்? – வாசகர், பிளேனோ, டெக்சஸ்

பதில்: ஆறு மாதக் கணக்கு ஏறக்குறைய சரி. பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவைக்கலாம் என்பது முற்றிலும் தவறு. விற்ற பணம் ஒரே ஒரு நாள் உங்கள் கணக்கில் வந்து தங்கினாலும், அல்லது நீங்கள் கேட்டால் கிடைக்கும் நிலையில் வேறொருவரிடம் இருந்தாலும், அது விற்பனைதான், பரிமாற்றம் ஆகாது. அதன் பிறகு எத்தனை வீடு வாங்கினாலும் அந்த ஆண்டின் வரியிலிருந்து தப்ப முடியாது.

முதலில் வரி எவ்வளவு என்று பார்ப்போம். நீங்கள் கொடுத்த 2,20,000 டாலரில் மனையின் மதிப்பு 55,000 என்றும் கட்டடத்தின் மதிப்பு 1,65,000 என்றும் வைத்துக்கொள்வோம். குடியிருப்பு வாடகைக் கட்டடத்துக்குத் தேய்மானக் காலம் 27.5 ஆண்டு என்பதால், ஆண்டுக்கு 6,000 டாலர் வீதம் 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 78,000 டாலரைத் தேய்மானமாகக் கழித்திருப்பீர்கள். கழிக்க மறந்திருந்தாலும் கழித்ததாகவே வரித்துறை கணக்கிடும். ஆகவே வாங்கிய விலையில் தேய்மானம் போக இன்று உங்கள் அடக்க விலை 1,42,000. தரகு முதலான விற்பனைச் செலவுக்கு 26,000 போனால் நிகர விற்பனைத் தொகை 4,04,000. ஆதாயம் 2,62,000 டாலர். இதில் தேய்மானத்துக்கு உரிய 78,000 மீது வரி அதிகபட்சம் 25 சதவீதம், அதாவது 19,500 டாலர். மீதி 1,84,000 மீது பெரும்பாலான சம்பளக் குடும்பங்களுக்கு 15 சதவீதம், அதாவது 27,600. கணவன் மனைவி இருவரின் சம்பளமே 2,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் முழு ஆதாயத்தின் மீதும் கூடுதலாக 3.8 சதவீதம் முதலீட்டு வருமான வரி விழும், அது 9,956. மொத்தத்தில் 57,000 டாலர் வரை போகும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பது ஒரு நிம்மதி.

இந்த 57,000 டாலரை இப்போது கட்டாமல் தள்ளிப்போடுவதற்கான வழிதான் 1031 பரிமாற்றம். முன்பு இரண்டு பத்திரங்களும் ஒரே நேரத்தில் கைமாறினால்தான் பரிமாற்றம் என்று வரித்துறை வாதாடி வந்தது. 1967-இல் ஓரிகன் மாநிலத்து ஸ்டார்க்கர் குடும்பத்தினர் தங்கள் காட்டு நிலத்தைக் கிரவுன் செல்லர்பாக் என்ற காகித நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தனர். அதற்கு ஈடாக அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிலங்களை ஐந்தாண்டுக்குள் அந்த நிறுவனம் வாங்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 1979-இல் இப்படித் தாமதமாக நடப்பதும் பரிமாற்றமே என்று தீர்ப்பானது. ஐந்தாண்டு அவகாசத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்கவில்லை. விற்ற 45 நாளுக்குள் மாற்றுச் சொத்தைக் குறித்துத்தர வேண்டும், 180 நாளுக்குள் வாங்கி முடிக்க வேண்டும் என்ற கெடு 1984-இல் சட்டமானது. பணத்தை இடையில் வைத்திருக்கும் தகுதிபெற்ற இடைநிலையாளர் என்ற ஏற்பாட்டை 1991-இல் வந்த விதிகள் முறைப்படுத்தின. நம்மவர்கள் கியூ.ஐ. என்று சொல்வது இவரைத்தான்.

உங்களுக்கு மூன்று வாரம் இருப்பதால் காலம் தவறவில்லை. இன்றே ஓர் இடைநிலையாளரை அமர்த்திப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் உங்களுக்குள்ள உரிமையை கிளோசிங்குக்கு முன்பே அவருக்கு மாற்றி எழுதி, வாங்குபவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பணத்தை, கிளோசிங்கை நடத்தும் டைட்டில் கம்பெனி நேராக இடைநிலையாளரின் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதை கிளோசிங் தாளில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். உங்கள் சி.பி.ஏ. (வரிக்கணக்கர்), வழக்கறிஞர், ரியல்டர் (வீட்டுத் தரகர்) ஆகியோர் கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்களுக்கு அந்தப் பணிகளைச் செய்திருந்தால் அவர்கள் இடைநிலையாளராக இருக்க முடியாது. உறவினரும் கூடாது.

இடைநிலையாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் மக்கள் அசட்டையாக இருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு மத்திய அரசின் உரிமம் கிடையாது. சில மாநிலங்களில் மட்டுமே சட்டக் கட்டுப்பாடு உண்டு. 2008 நவம்பரில் லேண்ட்அமெரிக்கா 1031 எக்ஸ்சேஞ்ச் சர்வீசஸ் என்ற பெரிய நிறுவனம் திவாலானபோது, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் விற்பனைப் பணம் எடுக்க முடியாத கடன் பத்திரங்களில் சிக்கிக்கொண்டது. வாங்கவேண்டிய வீட்டையும் அவர்களால் கெடுவுக்குள் வாங்க முடியவில்லை. ஆகவே கட்டணம் குறைவு என்பதை மட்டும் பார்க்காமல், உங்கள் பணம் உங்கள் பெயரில் தனி எஸ்க்ரோ கணக்கில் (மூன்றாமவர் பொறுப்பில் உள்ள கணக்கில்) இருக்குமா, உங்கள் கையெழுத்து இல்லாமல் அதிலிருந்து பணம் வெளியேற முடியுமா, ஊழியர் மோசடிக்கு எவ்வளவு தொகைக்குக் காப்பீடு வைத்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கெடுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சனி, ஞாயிறு, விடுமுறை எதுவும் கழியாது. நவம்பர் 20-இல் கிளோசிங் என்றால் 45-ஆம் நாள் ஜனவரி 4. அன்று ஞாயிறாக இருந்தாலும் அன்று நள்ளிரவோடு சரி. சொத்தின் முகவரியைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்ட தாளை அதற்குள் இடைநிலையாளருக்கு அனுப்பியிருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது செல்லாது. மூன்று சொத்துவரை விலை எதுவானாலும் குறிக்கலாம். மூன்றுக்கு மேல் குறித்தால் அவற்றின் மொத்த மதிப்பு நீங்கள் விற்றதைப் போல் இரு மடங்குக்குள் இருக்கவேண்டும். அதையும் தாண்டினால் குறித்தவற்றின் மதிப்பில் 95 சதவீதத்தை வாங்கியே தீரவேண்டும். மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்து, 180 நாள் என்பதும் முழு உண்மை அல்ல. 180-ஆம் நாளா, அந்த ஆண்டின் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய நாளா, எது முந்தியதோ அதுவே கெடு. நவம்பர் 20-இல் விற்றவருக்கு 180-ஆம் நாள் மே 19. ஆனால் ஏப்ரல் 15-லேயே கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் இழந்துவிடுவார். படிவம் 4868-ஐக் கொடுத்துத் தாக்கல் தேதியை நீட்டித்துக்கொண்டால் மே 19 வரை அவகாசம் இருக்கும். பரிமாற்றத்தைப் படிவம் 8824-இல் காட்ட வேண்டும்.

புதிய சொத்து குறைந்தது நிகர விற்பனைத் தொகையான 4,04,000 டாலர் மதிப்பு இருக்க வேண்டும். கடன் போகக் கிடைக்கும் 2,84,000 முழுவதும் அதில் இறங்க வேண்டும். 3,70,000-க்கு வாங்கினால் குறைகிற 34,000-க்கு இப்போதே வரி உண்டு. உங்கள் கையில் பணமே வரவில்லையே என்று கேட்பீர்கள். தலையிலிருந்த கடன் குறைந்ததையும் சட்டம் வரவாகவே எண்ணுகிறது. கடனைக் குறைக்க விரும்பினால் சொந்தப் பணத்தைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்டலாம். ஆனால் பரிமாற்றத்திலிருந்து ரொக்கத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் கடனைக் கூட்டி ஈடுகட்ட முடியாது.

வரி இல்லாமலே போகிறது என்ற நண்பரின் சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் 4,50,000-க்குப் புதிய வீடு வாங்கினால் அதன் அடக்க விலை 4,50,000 ஆகாது; தள்ளிவைத்த 2,62,000 ஆதாயத்தைக் கழித்து 1,88,000 என்றே கணக்கில் ஏறும். இனிவரும் ஆண்டுகளில் தேய்மானமும் அந்தக் குறைந்த தொகையில்தான் கிடைக்கும். என்றைக்குப் பணமாக்கினாலும் பழைய ஆதாயமும் சேர்ந்தே வரிக்கு வரும்.

கேள்வி: எங்கள் வாடகை வீட்டுப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. பரிமாற்றத்தில் வாங்கும் புதிய வீட்டில் என் பெயரையும் சேர்க்கலாமா, அல்லது எல்.எல்.சி. (உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பெயரில் வாங்கலாமா? இதே ஊரிலிருந்து இன்னொருவர், நான்கு நண்பர்கள் சேர்ந்து எல்.எல்.சி. வைத்து வாங்கிய கட்டடத்தை விற்கும்போது ஒருவர் மட்டும் பணமாக வாங்கிக்கொண்டு விலக முடியுமா என்று கேட்கிறார். – வாசகிகள், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: விற்றவர் யாரோ, அவரே வாங்க வேண்டும். 1031-இல் விட்டுக்கொடுப்பு இல்லாத இடம் இது. வரித்துறை பார்ப்பது, எந்த வரி எண்ணின்கீழ் பழைய சொத்தின் வாடகை கணக்கில் வந்தது, அதே எண்ணுக்குரியவர் புதிய சொத்தின் உரிமையைப் பெற்றாரா என்பதை.

கணவர் பெயரில் மட்டும் இருந்த வீட்டுக்குப் பரிமாற்றமாக இருவர் பெயரிலும் வீடு வாங்கி, அதில் உங்கள் பங்கு பாதி என்றால், கணவர் வாங்கியது பாதிதான் என்று கணக்காகி, பரிமாற்றமும் பாதியளவில் நின்றுவிடக்கூடும். இருவரும் கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள்தானே என்ற வாதம் சொத்துரிமைக்குப் பொருந்தாது. அதிலும் நியூ ஜெர்சி, கலிபோர்னியாவையும் டெக்சஸையும் போல் தம்பதியர் பொதுச்சொத்துச் சட்டம் உள்ள மாநிலம் அல்ல. கடன் கொடுக்கும் வங்கி உங்கள் சம்பளத்தையும் கணக்கில் எடுக்க விரும்பினால், நீங்கள் கடனில் கையெழுத்திட்டுப் பத்திரத்தில் சேராமல் இருக்க அவர்கள் ஒப்புகிறார்களா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கிளோசிங் மேசையில் உட்கார்ந்த பிறகு, கடன் அதிகாரி சொன்னதற்காகப் பத்திரத்தில் பெயரைச் சேர்ப்பதே பல குடும்பங்களில் நடக்கும் தவறு. புதிய வீட்டைக் கணவர் பெயரில் வாங்கி, வாடகைக்கு விட்டுச் சில காலம் கழிந்த பின் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை.

எல்.எல்.சி. விஷயத்தில் உறுப்பினர் எத்தனை பேர் என்பதே விடை. கணவர் ஒருவரே உறுப்பினர் என்றால், வரிக்கணக்கில் அந்த எல்.எல்.சி. தனி ஆளே அல்ல. அதன் பெயரில் வாங்கினாலும் கணவர் வாங்கியதாகவே கொள்வார்கள். அவர் எழுதிவைத்திருக்கும், திரும்பப் பெறக்கூடிய குடும்ப டிரஸ்டும் அப்படியே. நீங்களும் உறுப்பினராகச் சேர்ந்தால் உங்கள் மாநிலத்தில் அது கூட்டு வணிகம் ஆகிவிடும். அதற்குத் தனி வரி எண்ணும் தனி வரிக்கணக்கும் உண்டு. பழைய சொத்தை விற்றவர் அது அல்ல.

நான்கு நண்பர்களின் விஷயம் இன்னும் கடினம். கட்டடம் நால்வருக்கும் சொந்தம் என்று அவர்கள் பேச்சுவழக்கில் சொன்னாலும், பத்திரத்தின்படி அது எல்.எல்.சி.யின் சொத்து, நண்பர்களிடம் இருப்பது எல்.எல்.சி.யில் பங்கு. கூட்டு வணிகத்தில் உள்ள பங்கைப் பரிமாறிக்கொள்வதற்கு 1031 இடம் தராது. ஆகவே பரிமாற்றம் செய்தால் எல்.எல்.சி.தான் செய்ய வேண்டும். விலகுபவருக்கு மற்ற மூவரும் வேறு பணத்திலிருந்து கொடுத்து அவர் பங்கை முன்னதாகவே வாங்கிக்கொண்டால் சிக்கல் குறைவு. இன்னொரு வழி, எல்.எல்.சி. கட்டடத்தை நால்வருக்கும் பிரிபடாத பங்குகளாகப் பத்திரம் எழுதிக்கொடுத்து, பிறகு ஒவ்வொருவரும் தத்தம் பங்கை விற்பதோ பரிமாற்றுவதோ செய்வது. சட்டத்தில் இதற்குத் தடையில்லை என்றாலும், விற்பனை ஒப்பந்தம் போட்ட பிறகு கடைசி வாரத்தில் எழுதிக்கொண்டால், முதலீட்டுக்காக வைத்திருந்த சொத்தா, விற்பதற்காகவே கைமாற்றிய சொத்தா என்ற கேள்வி வரும். கூட்டு வணிகத்தின் வரிப் படிவம் 1065-இல், இப்படிப் பிரிபடாத பங்குகளைப் பங்குதாரருக்குக் கொடுத்தீர்களா என்று தனிக் கேள்வியே இருக்கிறது. விற்கும் எண்ணம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரித்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து சொத்து வாங்குவதைத் தடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும் நாளிலேயே, ஒருவர் விலக நினைத்தால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் வாடகை வீட்டைப் பரிமாற்றம் செய்து டெக்சஸில் இரண்டு வீடுகள் வாங்கலாம் என்றிருக்கிறோம். அதில் ஒன்று என் தம்பியின் வீடு. கலிபோர்னியா வரியிலிருந்து விடுபட்டுவிடுவோமா? – வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: விடுபடமாட்டீர்கள். கலிபோர்னியாவில் விளைந்த ஆதாயத்தின் மீது தனக்குள்ள உரிமையை அந்த மாநிலம் விடுவதில்லை. 2014-ஆம் ஆண்டிலிருந்து, கலிபோர்னியச் சொத்தை வெளிமாநிலச் சொத்துக்குப் பரிமாறியவர்கள், தள்ளிவைத்த ஆதாயம் வரிக்கு வரும்வரை ஆண்டுதோறும் படிவம் 3840 தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் டெக்சஸுக்கே குடிபெயர்ந்து, வேறு எதற்கும் கலிபோர்னியாவில் கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லாத ஆண்டிலும்கூட.

தம்பியின் வீட்டை விட்டுவிடுங்கள். உடன்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள், வாழ்க்கைத்துணை ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. தம்பி தம் வீட்டைக் கொடுத்து ரொக்கமாகப் பணம் பெற்றுக்கொள்ள, நீங்கள் வரியைத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டை, நடுவில் இடைநிலையாளர் இருந்தாலும், வரித்துறையும் நீதிமன்றங்களும் ஏற்பதில்லை. இரண்டு வீட்டையும் அந்நியரிடமிருந்தே வாங்குங்கள்.

கேள்வி: இங்குள்ள வாடகை வீட்டை விற்று, அந்தப் பணத்தில் கோயம்புத்தூரில் வணிகக் கட்டடம் வாங்கினால் 1031 பொருந்துமா? – வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: பொருந்தாது. அமெரிக்காவில் உள்ள அசையாச் சொத்தும் அயல்நாட்டில் உள்ள அசையாச் சொத்தும் ஒரே இனம் அல்ல என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவுக்குள் என்றால் வாடகை வீட்டுக்குக் கடையோ, விளைநிலமோ, காலி மனையோ எதுவும் ஈடாகும்.

இதைக் கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது, இந்தியாவில் ஒன்றை விற்று இந்தியாவிலேயே இன்னொன்றை வாங்கினால் என்ன என்பது. அயல்நாட்டுச் சொத்துக்கு அயல்நாட்டுச் சொத்து ஒரே இனமே. ஆகவே அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறைதான் இடம் தராது. பணம் உங்கள் கைக்கு வராமல் இடையில் ஒருவர் வைத்திருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியை, பத்திரப்பதிவு அலுவலகத்தில் வங்கி வரைவோலை கைமாறும் நம் ஊர் நடைமுறையோடு பொருத்துவது மிகக் கடினம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சென்னை அடுக்ககத்தை விற்று, இந்தியச் சட்டப்படி வேறொரு வீடு வாங்கி அங்கே வரிவிலக்குப் பெற்றால், அமெரிக்காவில் அந்த ஆதாயத்துக்கு வரி கட்டியே ஆகவேண்டும். இந்தியாவில் வரி கட்டாததால் கழித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்கள் இந்திய விலக்கை ஆவலோடு நாடுவதற்கு முன், இரு நாட்டுக் கணக்கையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் எச்-1பி விசாவில் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டு சென்னைக்குத் திரும்பிவிட்டோம். ஆஸ்டினில் உள்ள வீடு வாடகையில் இருக்கிறது. அதை விற்று அங்கேயே வேறு வாடகைச் சொத்து வாங்க நினைக்கிறோம். பரிமாற்றம் செய்யலாமா? – வாசகர், சென்னை

பதில்: செய்யலாம், 1031 அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியது அல்ல. எச்-1பி காலத்தில் நீங்கள் பெற்ற சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வாழ்நாள் முழுவதும் உங்களுடையதே. அதிலேயே கணக்குத் தாக்கல் செய்யலாம். ஆனால் திரும்பி வந்தவர்களுக்கு இரண்டு பள்ளங்கள் உண்டு.

முதலாவது, பிடித்தம். வரி நோக்கில் அயல்நாட்டவராகிவிட்ட ஒருவர் அமெரிக்கச் சொத்தை விற்கும்போது, விற்பனை விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. கவனியுங்கள், ஆதாயத்தில் அல்ல, விலையில். வாங்குபவர் தாமே குடியிருக்கப்போகிறார் என்றால், விலை 3,00,000 டாலருக்குள் இருந்தால் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் பத்து லட்சம் டாலர்வரை 10 சதவீதம். பரிமாற்றத்தில் இது பெரும் இடையூறு, ஏனென்றால் பிடிக்கப்பட்ட தொகை மாற்றுச் சொத்தில் இறங்க முடியாமல் போய், அந்த அளவுக்கு வரி விழும். பிடித்தத்தைக் குறைக்கவோ நீக்கவோ கோரிப் படிவம் 8288-பி விண்ணப்பத்தைக் கிளோசிங் நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால், முடிவு வரும்வரை பிடித்த பணத்தை வரித்துறைக்குக் கட்டாமல் வைத்திருக்கலாம். வரித்துறை வழக்கமாக 90 நாளில் முடிவு சொல்லும்; 180 நாள் கெடுவில் பாதி அதிலேயே போய்விடும். ஆகவே வீட்டை விற்பனைக்கு விடும்போதே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இரண்டாவது பள்ளம் இந்திய வரி. இதை அமெரிக்க ஆலோசகர்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது அவர்கள் வேலையும் அல்ல. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்குச் சில ஆண்டுகள், இந்தியாவில் வசித்தாலும் வழக்கமான வசிப்பாளர் அல்லர் என்ற நிலை உண்டு. அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் சொத்தின் ஆதாயத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அந்தக் காலம் முடிந்து நீங்கள் முழு வசிப்பாளர் ஆனபின், உலகில் எங்கே சொத்தை விற்றாலும் இந்தியா வரி கேட்கும். 1031 தள்ளிவைப்பு இந்தியச் சட்டத்துக்குத் தெரியாது. இரு நாட்டு வரி ஒப்பந்தமும் மூலதன ஆதாயத்தில் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி வரி விதிக்கலாம் என்றே விட்டுவிட்டது. விளைவு என்னவென்றால், அமெரிக்காவில் வரி கட்டாததால் இந்தியாவில் கழிக்க வரவில்லை. இந்தியாவில் முழு வரி கட்டுவீர்கள். பல ஆண்டு கழித்து அமெரிக்காவில் அதே ஆதாயம் வரிக்கு வரும்போது, இப்போது இந்தியாவில் கட்டியது அங்கே உதவாது. டாலரின் ரூபாய் மதிப்பு ஏறியதும் இந்தியக் கணக்கில் ஆதாயமாகச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். சென்ற ஆண்டுதான் திரும்பியிருப்பதால், வழக்கமான வசிப்பாளர் அல்லர் என்ற உங்கள் நிலை எந்த நிதியாண்டுவரை நீடிக்கும் என்பதைச் சென்னை ஆடிட்டரிடம் எழுத்தில் பெற்று, அதற்குள் விற்பனையை முடியுங்கள். அந்தக் காலத்துக்குள் பரிமாற்றமும் நல்லதே. அது கடந்துவிட்டால், பரிமாற்றம் செய்யாமல் அமெரிக்காவில் வரியைக் கட்டி, அதை இந்திய வரியில் கழித்துக்கொள்வதுதான் பெரும்பாலோருக்கு லாபம்.

கேள்வி: பரிமாற்றத்தில் வாங்கும் வீட்டில் ஊரிலிருந்து வரும் என் பெற்றோரைக் குடிவைக்கலாமா? பிற்காலத்தில் நாங்களே அதில் குடியேறி, சொந்த வீடு விற்பனைக்குரிய 5,00,000 டாலர் விலக்கைப் பெற முடியுமா? – வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: பெற்றோருக்கு அதுவே நிரந்தரக் குடியிருப்பாக இருந்து, அக்கம்பக்கத்தில் நிலவும் நியாயமான வாடகையை அவர்கள் உங்களுக்குக் கொடுத்தால் அது வாடகை வீடுதான். பெற்ற தாய் தந்தையிடம் வாடகை வாங்குவதா என்று மனம் கூசும். ஆனால் வாடகையில்லாமல் இருந்தால், நீங்களே அங்கு வசித்த நாட்களாகச் சட்டம் எண்ணும். வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திலும் குறைந்தது 14 நாள் நியாயமான வாடகைக்கு விட்டு, சொந்த உபயோகம் 14 நாளையோ வாடகை நாட்களில் 10 சதவீதத்தையோ, எது அதிகமோ அதைத் தாண்டாமல் இருந்தால், முதலீட்டுச் சொத்தா என்று கேள்வி எழுப்பமாட்டோம் என வரித்துறை 2008-இல் அறிவித்திருக்கிறது. சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோரை நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று சொல்வது கடினம். அவர்களை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் குடியேறலாம். பரிமாற்றத்தில் கிடைத்த வீடு என்பதால் வாங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டு கழிந்த பின் விற்றால்தான் விலக்கு உண்டு. கடைசி ஐந்தாண்டில் இரண்டு ஆண்டு குடியிருந்திருக்கவும் வேண்டும். குடியேறுவதற்கு முன் வாடகையில் இருந்த ஆண்டுகளின் விகிதத்துக்கு உரிய ஆதாயமும், தேய்மானத்துக்கு உரிய பகுதியும் விலக்கில் அடங்கா.

கேள்வி: எனக்கு 71 வயது. மூன்று வாடகை வீடுகள். நள்ளிரவில் குழாய் உடைந்தது என்று வரும் அழைப்புகளைத் தாங்கும் தெம்பு இனி இல்லை. விற்றால் பெரும் வரி வருகிறது. என்ன வழி? – வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: டெலவேர் ஸ்டாட்யூட்டரி டிரஸ்ட் என்ற ஏற்பாட்டை உங்களிடம் பலர் விற்க வருவார்கள். பெரிய குடியிருப்பு வளாகம், மருத்துவக் கட்டடம் போன்றவற்றை ஒரு டிரஸ்ட் வாங்கிவைத்திருக்கும். அதில் நீங்கள் பங்கு வாங்கலாம். அந்தப் பங்கு 1031 பரிமாற்றத்துக்குத் தகும் என்று வரித்துறை 2004-இல் தீர்ப்புரை வழங்கியது. குழாய் அழைப்பு வராது. மாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை தொகை வரும். ஆனால் கட்டடத்தை எப்போது விற்பது என்பது உங்கள் கையில் இல்லை, அவசரத்துக்குப் பங்கைப் பணமாக்க முடியாது, நிர்வாகக் கட்டணங்களும் கமிஷனும் முதலிலேயே கணிசமாகக் கழிந்துவிடும். 45-ஆம் நாள் நெருங்கும் பதற்றத்தில் இதில் கையெழுத்திடுபவர்கள் பலர். உங்கள் வயதில் மருத்துவச் செலவுக்கு வேண்டிய பணத்தை இதில் முடக்கவே கூடாது.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் காலத்துக்குப் பின் வீடுகள் பிள்ளைகளுக்குப் போகும்போது, அன்றைய சந்தை மதிப்பே அவர்களுக்கு அடக்க விலை ஆகும்; நீங்கள் தள்ளிவைத்த ஆதாயமும் கழித்த தேய்மானமும் அவர்களைத் தொடராது. உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாக எழுதிக்கொடுத்தால் உங்கள் பழைய அடக்க விலையே அவர்கள் தலையில் ஏறும். ஆகவே பத்திரத்தை இப்போது மாற்ற வேண்டாம். ஒரு வீட்டை மட்டும் விற்று வரியைக் கட்டி அந்தப் பணத்தைக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மாத வாடகையில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் நிர்வாக நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள். எந்த வீட்டை விற்பது என்று தீர்மானிக்கும்போது, விலை அதிகமுள்ளதை அல்ல, ஆதாயம் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வீடுகளுக்கும் வாங்கிய கிளோசிங் தாள்களும் ஆண்டுதோறும் போட்ட தேய்மான அட்டவணைகளும் இருந்தால், உங்கள் சி.பி.ஏ. ஒரே அமர்வில் அதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்.